செகண்ட் கியர் மூன்றாவது போட்ட நாள்

குமரி மாவட்டத்து ரோட்டில் உங்களுக்கு முன்னால் ஒரு கார் ஆள் நடக்கிற வேகத்தில் போகிறது, ஆனால் அதன் எஞ்சின் மட்டும் விமானம் கிளம்புவதுபோல் கத்துகிறது என்றால் தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். ஓட்டுகிறவர் மேல் தப்பில்லை. அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் செகண்ட் கியர். எங்கள் மாவட்டத்தில் வீணாகிற பெட்ரோலில் பாதிக்கு அந்த ஒரு மனிதர்தான் பொறுப்பு. மீதிப் பாதிக்கு மேடு பள்ளங்கள்.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் நான், ஆடிட்டர் ஒருவரிடம் உதவியாளன். இன்னொன்றில் மருந்துக் கம்பெனிப் பையன் ஒருவன். அவனை ரெப் என்றே கூப்பிடுவோம். மூன்றாவதில் செகண்ட் கியர். பூதப்பாண்டிக்காரர், முப்பதைத் தாண்டியவர், டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வீட்டுக்காரர் கையில் இருந்த வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தது.

அவரிடம் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்.

"அண்ணே, மூணாவது கியர் எப்பம் போடணும்?"

"வண்டி கேக்கும் மக்கா. அப்பம் போட்டாப் போரும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே?"

"அப்பம் போடாண்டாம்."

ஒரு பேங்க் மானேஜரின் மனைவிக்குப் பயிற்சி முடிகிற வரைக்கும் வண்டி வாயைத் திறக்கவே இல்லை. அந்த அம்மாள் லைசென்ஸும் வாங்கி, நாகர்கோவில் வரைக்கும் இரண்டாவது கியரிலேயே போய், இரண்டாவதிலேயே திரும்பி வந்தார். வீடு சேர்ந்தபோது வண்டியின் முன்பக்கத்தில் புகை. மறுநாள் மானேஜர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"என்னவே, எனக்க வண்டிக்கு மூணாவது கியர்ணு ஒண்ணு உண்டா, இல்லியா?"

செகண்ட் கியர் மரியாதையாக எழுந்து நின்றார். "உண்டு சார். ஆனா அது அவசரத்துக்காக்கும்."

இப்படிப்பட்டவரோடு ஒரே மாடியில் குடியிருப்பது எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று சொன்னால் புரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா ரப்பர் வெட்டுகிறவர். அம்மா அண்டி ஆபீஸில் முந்திரி உடைத்தவர். சட்டையை இஸ்திரி போட்டு, பேனாவைப் பையில் குத்தி, நாலு பேர் மதிக்கும்படி நடக்கவேண்டும் என்பதே என் ஒரே லட்சியமாக இருந்தது. ஒரு நாள் மழைக்காக அவருடைய பயிற்சிக் காரில் ஏறிவிட்டேன். மேலே பலகை, முன்னால் சிவப்பு எல். போகிற வழியில் பின்னாலிருந்து சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒரு சவ ஊர்வலம் வழி கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஒதுங்கி வழிவிட்டோம். ஊர்வலத்தில் வந்த எங்கள் ஆபீஸ் கிளார்க் குனிந்து உள்ளே பார்த்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் இருக்கைக்கு அடியில் போய்விட்டேன். ஷூ போட்டிருந்தேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இவ்வளவு நிதானமான மனிதர் பணம் வைத்துச் சீட்டு ஆடுவார் என்று யாராவது நினைப்பார்களா? ஆடினார். சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்ததும் பேண்டைக் கழற்றிச் சாரம் கட்டி, கட்டன் சாயாவைப் பக்கத்தில் வைத்து, போனைத் தலையணையில் சாய்த்து ஆன்லைன் போக்கர் ஆடுவார். அந்த ஆப்புகள் திறந்திருந்த காலம் அது. நாங்கள் மூன்று பேரும் ஆடினோம். அம்மா போன் செய்யும்போதெல்லாம் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்வேன். அது முழுப் பொய்யும் இல்லை.

ஆடத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆட்டத்தில் மேசைக்கு மேசை பந்தயம் மாறும். கீழ்மேசையில் சில்லறை, அதற்கு மேலே கொஞ்சம் பெரிது, அதற்கும் மேலே போனால் ஒரு மாதச் சம்பளம். கீழ்மேசையில் ஜெயிக்கிறவன் எந்த நேரத்தில் மேல்மேசைக்குப் போகவேண்டும் என்பதுதான் ஆட்டத்திலேயே கஷ்டமான கேள்வி. ரெப்புக்கு அது கேள்வியே இல்லை. ஜெயித்த அன்றே மேலே ஏறிவிடுவான். அன்று மூன்று பேருக்கும் பிரியாணி. மறுநாள் குளிக்க என் சோப்பைக் கேட்டு நிற்பான்.

செகண்ட் கியர் கீழ்மேசையிலேயே இருந்தார். தோற்று அல்ல, ஜெயித்து. கொஞ்சம் கொஞ்சமாக ஜெயித்ததை எல்லாம் தனியாக ஒரு பேங்க் கணக்கில் போட்டு வைத்தார். அதற்கு 'மேல போற பணம்' என்று பெயர். பணம் சேர்ந்துகொண்டே போனது. அவர் மேலே போகவில்லை.

"என்ன அண்ணே, இன்னும் வண்டி கேக்கல்லியா?" என்று ரெப் சீண்டுவான்.

"நீ கேட்டுக் கேட்டுத்தான் உனக்க வண்டிக்குத் தொண்டை கட்டிட்டு. சும்ம கெட."

படித்தவன் என்ற முறையில் நான் தலையிட்டேன். இங்கிலீஷில் ஒரு கட்டுரையைத் தேடிப் படித்து, அவருக்குத் தமிழில் விளக்கினேன். பலமுறை தோற்றாலும் தாங்குகிற அளவு கையில் இருக்கவேண்டும். அதிர்ஷ்டத்தில் ஒரு வாரம் ஜெயிப்பது கணக்கில்லை, நெடுநாள் ஜெயித்திருக்கவேண்டும். மேல்மேசையில் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று முதலில் வேடிக்கை பார்க்கவேண்டும். தோற்றால் வெட்கப்படாமல் கீழே இறங்கி வரவேண்டும். இந்தக் கடைசி வரியை மட்டும் நான் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டேன். வெட்கப்படாமல் என்றால் எப்படி என்று எனக்கே விளங்கவில்லை.

அவர் கவனமாகக் கேட்டார். "எல்லாம் கொள்ளாம் மக்கா. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. பெருசா ஒரு ஆட்டம் தோத்த உடனே சாயா குடிக்கணும். அதுல சீனி இருக்கா இல்லியான்னு நாக்கு சொல்லணும். நாக்கு சொன்னாத்தான் மேல போலாம்."

அதற்குப் பரிசோதகன் நான்தான். அவர் ஒரு நல்ல தொகையைத் தோற்கும்வரை காத்திருந்து, கீழே பேக்கரியில் சீனியே போடாத சாயா வாங்கிவந்து கொடுத்தேன். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "இன்னைக்குத்தான் மக்கா சீனி நல்ல பாகம்."

நானும் ரெப்பும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "சோதனைல தோத்துட்டேனா? சரி, அடுத்த மாசம் பாப்போம்" என்று அடுத்த சீட்டை எடுத்தார்.

இதற்கிடையில் நான் மேலே போனேன். கட்டுரை கேட்ட அத்தனையும் என்னிடம் இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், இஸ்திரி போட்ட சட்டையோடேயே மேல்மேசையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டேன். எதிரே முகம் தெரியாத ஒருத்தன், செம்பருத்திப் பூ படம் வைத்தவன், பெரிய தொகையைத் தள்ளினான். என் கையில் இரண்டு ஏஸ். ஆட்டத்திலேயே அதைவிடப் பெரிய ஜோடி கிடையாது. நான் சீட்டை மடக்கினேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மக்கா, ரெண்டு ஏஸைப் போட்டுட்டியே?"

"கை தவறி அமுக்கிட்டேன் அண்ணே."

"ஓ." செகண்ட் கியர் குனிந்து என் திரையைப் பார்த்தார். "அந்த மேசைல இருக்கவனுவோ எல்லாம் உனக்கு ஆபீஸ் மொதலாளி மாதிரியா தெரியானுவோ?"

அப்படித்தான் தெரிந்தது. செம்பருத்திப் பூவுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லாததுதான் பாக்கி. போன பணத்தைவிட அந்தக் கேள்விதான் உறுத்தியது. கீழ்மேசைக்கு இறங்கிவர மானம் விடவில்லை. ஆப்பையே அழித்துவிட்டு, ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லித் திரிந்தேன்.

கடைசியில் ஒரு நாள் செகண்ட் கியர் பெரிதாகத் தோற்றார். சாயா கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சியவர் நிமிர்ந்தார். "லேய், சீனி எங்கலே?"

ரெப் கைதட்டிக் குதித்தான். முடிவாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செகண்ட் கியர் மேல்மேசைக்குப் போகிறார். மேல போற பணம் மேலே போகிறது. அவர் அந்த வாரம் முழுவதும் புதுமாப்பிள்ளை மாதிரி திரிந்தார். பயிற்சிக்கு வந்த ஒருவரை மூன்றாவது கியர் போடக்கூட அனுமதித்ததாகக் கேள்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சிதறால் பக்கத்தில் எங்கள் ஊர் கிறிஸ்தவச் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை. வீட்டுக்கு வீடு விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் போகும். அதன் பிறகு எல்லோருக்கும் சாப்பாடு. நான் தனியாகப் போய் வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அம்மா போனில் பேசினால் பேக்கரி வரைக்கும் கேட்கும்.

"கூட்டுக்காரன்மாரையும் விளிச்சோண்டு வாலே! ஆட்டெறச்சி உண்டு!"

ரெப் என் அறைக்குள் தலையை நீட்டினான். "எத்தன மணிக்குக் கிளம்பணும்?"

செகண்ட் கியர் பயிற்சிக் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். போய்ச் சேரும்போது ஆராதனை முடிந்திருந்தது. சபை வளாகத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் சபை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே யாரும் பொருளின் விலையைக் கேட்பதில்லை. கொடுத்தவர் எவ்வளவு பெரியவர், கேட்பவர் எவ்வளவு பெரியவர் என்பதற்குத்தான் விலை. கல்ஃபில் வேலைபார்த்துத் திரும்பிய காண்டிராக்டர் ஒருவர் கொடுத்திருந்த ஆட்டை, அவர் மச்சினனே ஒன்பதாயிரத்துக்கு எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு கேக் மூவாயிரத்துக்குப் போனது. செவ்வாழைக்குலை, சேவல், பலாப்பழம் எல்லாம் போனது. அதற்குள் சமையல்கட்டிலிருந்து கறி வாசம் வந்துவிட்டது. கூட்டம் மெல்லப் பந்திப் பக்கம் நகர்ந்தது.

அப்போதுதான் சபைச் செயலர் மைக்கைப் பிடித்தபடி அடுத்த பொருளைத் தூக்கினார். வாழைநாரில் கட்டிய ஒரு கட்டு மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. மண் கூடப் போகவில்லை.

"இது நம்ம ஆடிட்டருக்க அம்மை கொண்டு வந்ததாக்கும்! நம்ம சபைலேர்ந்து ஆடிட்டர் ஆன மொத பிள்ளைக்க வீட்டுக் காணிக்கை!"

என் காதிலிருந்து சூடு கிளம்பியது. நான் ஆடிட்டர் இல்லை, ஆடிட்டரின் ஃபைலைத் தூக்குகிறவன். அம்மா சபை முழுக்க என்ன சொல்லிவைத்திருக்கிறாள் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ரெப் என் முகத்தையே பார்த்தான். அம்மா எப்போதும் ஒரு கோழி கொண்டுவருவாள். அந்த வருஷம் கோழியெல்லாம் நோயில் போய்விட்டதால் முற்றத்தில் நின்ற மரச்சீனியைப் பிடுங்கி வந்திருக்கிறாள்.

"அம்பது! அம்பது யாராவது கேக்கணும்!"

யாரும் கேட்கவில்லை.

"ஆடிட்டர் வீட்டு மரச்சீனி, மாவு மாதிரி வேகும்! அம்பது!"

மரச்சீனி இல்லாத வீடு அங்கே இல்லை. எல்லோருக்கும் பசி. நாலு பேர் சிரித்தார்கள், கெட்ட எண்ணத்தோடு அல்ல. அம்மா பெண்கள் பக்கத்தில், நல்ல சேலை கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் கோத்து நின்றாள். என்னைத் தேடினாள். நான் கேட்கலாமே என்பீர்கள். மச்சினன் வேறு வீடு, கேட்கலாம்; சொந்த வீட்டுக் காணிக்கையைச் சொந்த வீட்டார் ஏலம் கேட்பது எங்கள் சபையில் செல்லாது. கேட்டால் இன்னும் கேவலம். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். அம்மாவுக்காக வெட்கப்பட்டேனா, அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

"நூறு," என்றது ஒரு குரல்.

செகண்ட் கியர் கையைத் தூக்கியிருந்தார்.

செயலர் பெருமூச்சு விட்டார். "நூறு! ஒரு தரம்..."

"நூத்தம்பது," என்றார் செகண்ட் கியர்.

செயலர் மைக்கைத் தாழ்த்தினார். "நூறும் நீருதானே கேட்டீரு?"

"ஆமா."

"அப்பம் நூத்தம்பது?"

"அதும் நான்தான்."

"எதிரா ஆளில்லாம ஆரெங்கிலும் ஏத்துவினுமா ஓய்?"

"ஏத்தப்படாதுன்னு சட்டம் இருக்கா?"

பந்திப் பக்கம் போன கூட்டம் திரும்பியது. போக்கரில் இது நடக்கவே நடக்காது. எதிராளி ஏற்றாமல் உங்கள் பந்தயத்தை நீங்களே ஏற்ற முடியாது. இதைச் செகண்ட் கியரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. செயலர் போதகரைப் பார்த்தார். போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏற்றட்டும் என்று கையசைத்தார்.

"எறநூறு. முன்னூறு. ஐநூறு." தன்னைத் தானே முந்திக்கொண்டு போனார். அந்த மனிதர் அந்த வேகத்தில் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

காண்டிராக்டருக்குப் பொறுக்கவில்லை. வெளியூர்க்காரன் ஒருத்தன் தன் சபையில் ஆட்டம் காட்டுகிறான். "ஆயிரம்!" என்றார்.

"ரெண்டாயிரம்."

"மூவாயிரம்!"

ரெப் செகண்ட் கியரின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, மடக்கு. சீட்ட மடக்கு அண்ணே. அது மேல போற பணம்."

"அஞ்சாயிரம்," என்றார் செகண்ட் கியர்.

"ஏழு!" என்றார் காண்டிராக்டர்.

செகண்ட் கியர் தூண் பக்கம் திரும்பி என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அவரு ஆடு எவ்வளவுக்குப் போச்சு?"

"ஒன்பதாயிரம்," என்றேன்.

"அப்பம் சரி." மேடைப் பக்கம் திரும்பினார். "ஒன்பதாயிரத்து ஒண்ணு."

காண்டிராக்டர் இதற்குமேல் ஒரு ரூபாய் ஏற்றினாலும், தன் ஆட்டைவிட மரச்சீனிக்கு விலை அதிகம் என்று அவரே தன் வாயால் சொன்னதாக ஆகும். அவர் உட்கார்ந்தார். செயலர் மூன்று தரமும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கைதட்டல் சிதறால் மலையில் போய் இடித்துத் திரும்பியது.

பணம் அனுப்ப அங்கே நெட்வொர்க் கிடைக்கவில்லை. செகண்ட் கியர் மதில்மேல் ஏறி நின்று, போனை வானத்துக்குக் காட்டி, மேல போற பணத்தை அனுப்பினார். இறங்கிய உடனே அம்மா போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கென்ன வட்டா, கிறுக்காலே? மரச்சீனி வேணும்ணா எனக்கிட்ட கேக்கப்படாதா? வீட்டுல இன்னும் நாலு மூடு நிக்குது!"

"கேட்டா நீங்க சும்மால்லா தந்திருவிய," என்றார் செகண்ட் கியர்.

அம்மா அவர் கன்னத்தைத் தொட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் இறைச்சி வைக்கச் சொல்லப் பந்திக்கு ஓடினாள். தலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "மேல்மேசை என்னாச்சு அண்ணே?"

"ஓடுமா போவுது? இன்னும் சேத்துட்டுப் போவம்." அதற்குள் ஒரு வளைவு வந்துவிட்டது. மறுபடி சேர்ப்பதற்குள் சட்டம் வந்து, பணம் வைத்து ஆடுகிற மேசைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. செகண்ட் கியர் மேலே போகவே இல்லை.

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு சாயாக் கடையில் காண்டிராக்டரைப் பார்த்தேன். அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"லேய் ஆடிட்டரே, அண்ணைக்கு எனக்கெதிரா மரச்சீனி கேட்டானே, அவன் ஆருலே? வல்லிய பணக்காரனா?"

நான் முதலில், ஆடிட்டர் இல்லை, வெறும் உதவியாளன் என்று அவரைத் திருத்தினேன். பிறகு யோசித்தேன். டிரைவிங் ஸ்கூல் என்று சொல்லலாம். பக்கத்து ரூம் என்று சொல்லலாம்.

"எங்க வீட்டு ஆளு," என்றேன்.

காண்டிராக்டர் சாயா கிளாஸை டக்கென்று கீழே வைத்தார். "வீட்டு ஆளா? அப்பம் அந்த ஏலம் செல்லாதுல்லாலே!"

"செல்லாது. சபையில போய்ப் பறயுங்க," என்று சொல்லிவிட்டு, அவருடைய சாயாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.